செல்லைப் பார்த்த காலம், வைரஸைத் தேடும் காலம்

1969-இல் ஸ்வீடனின் உப்சாலா பகுதியில் கருப்பைவாய்ப் பரிசோதனை என்றால் பாப் ஸ்மியர்தான். கருப்பைவாயை லேசாகச் சுரண்டி, வந்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். உருமாறிய செல் கண்ணில் பட்டால் அடுத்த சோதனை. படாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்குவது எது என்று அன்று யாருக்கும் தெரியாது. 1983-இல்தான் ஜெர்மனியில் ஹரால்ட் சுர் ஹவுசன் குழுவினர் இந்தப் புற்றுக் கட்டிகளில் எச்.பி.வி. என்ற வைரஸின் 16-ஆம் வகையைக் கண்டறிந்தார்கள்.

உப்சாலாவில் பழைய தகடுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். அதற்கு உலகப் பெண்கள் எல்லோருமே நன்றி சொல்லலாம். பிற்பாடு அதே தகடுகளில் காய்ந்து ஒட்டியிருந்த செல்களிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அதைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனையில் ஓட்டினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. இரட்டிக்கும். ஒரு மாதிரியில் வைரஸ் இன்னொன்றைவிட மூன்று சுற்று முன்னதாகவே தெரிய வந்தால், அதில் சுமார் எட்டு மடங்கு வைரஸ் இருக்கிறது என்று கணக்கு. 2000-இல் லான்செட் இதழில் வந்த முடிவு திகைக்க வைத்தது. எச்.பி.வி. 16 மிக அதிகமாக இருந்த பெண்களுக்கு, அது இல்லாதவர்களைவிடப் புற்றின் ஆரம்பநிலை வரும் அபாயம் சுமார் 60 மடங்கு. நோய் தெரிவதற்கு 13 ஆண்டுகள் முன்பே அந்த அளவு கூடியிருந்ததும் பதிவானது.

அப்படியானால் எண்ணிக்கையை அளந்தே ஆபத்தைச் சொல்லிவிடலாமே என்று அன்று பலரும் நம்பினார்கள். அது அவ்வளவு எளிதாக இல்லை. மற்ற வகை எச்.பி.வி.க்களில் அளவுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு இத்தனை தெளிவாக இல்லை. தானாக ஆறிவிடும் சின்னப் புண்ணிலும் வைரஸ் கொட்டிக் கிடக்கலாம். முற்றிய நிலையில், வைரஸின் மரபணு நம் செல்லின் மரபணுவோடு இணைந்துவிட்ட பிறகு, எண்ணிக்கை குறைவாகவும் இருக்கலாம். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எந்த வகை, எத்தனை காலம் போகாமல் தங்குகிறது என்பதே முக்கியம். பெரும்பாலான தொற்று இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே போய்விடும்.

இன்று ஸ்வீடனில் முதலில் தேடுவது வைரஸைத்தான். வீட்டிலேயே பெண்கள் தாங்களே மாதிரி எடுத்து அனுப்பவும் வழி உண்டு. நம் நாட்டிலேயே, மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் கிராமங்களில் ஒரே ஒரு முறை எச்.பி.வி. சோதனை செய்ததில் இந்தப் புற்றால் வரும் சாவு கிட்டத்தட்டப் பாதியானது என்று 2009-இல் வெளியான ஆய்வு சொன்னது.

இப்போது கைக்கு வரும் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் வைரஸின் அளவு இருக்காது. உண்டா இல்லையா, உண்டென்றால் 16, 18 வகையா என்பதுதான் இருக்கும். 'பாசிட்டிவ்' என்று பார்த்ததும் பல பெண்கள் இடிந்து போகிறார்கள். சில வீடுகளில் கணவன் மனைவிக்குள் சந்தேகமும் கிளம்புகிறது. எப்போதோ வந்த தொற்று பல வருடம் வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம். அதை வைத்து யாரையும் குற்றவாளியாக்க முடியாது. 16 அல்லது 18 என்றால், கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கால்போஸ்கோபி செய்து பார்ப்பார்கள். வேறு வகையென்றால் செல் பரிசோதனை செய்வார்கள், அல்லது ஒரு வருடம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள்.