ஓய்வுபெற்ற கருவிகள் – 11: கையில் கட்டிய கூழாங்கல்

என் மேஜையில் ஒரு பெப்பிள் (கூழாங்கல்) ஸ்மார்ட் வாட்ச் கிடக்கிறது. 2013-ல் வந்த முதல் ரகம், கறுப்பு பிளாஸ்டிக். இந்த அத்தியாயத்துக்காக அத்தை மகனிடம் இரவல் வாங்கி வந்தேன். “சார்ஜர் குடுக்க மறந்துட்டியே” என்று வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிக் கேட்டேன். “பழசுதான் மச்சான், ஆனாலும் நாலு நாள் தாங்கும். சும்மா எடுத்துட்டுப் போ” என்றான்.

இந்த வாட்சின் பெருமை முழுவதும் அந்தப் பதிலில் அடங்கிவிடுகிறது. இதைப் பலர் குறை சொன்னதற்கும் காரணம் அதேதான். அது எப்படி என்று பார்க்கலாம்.

இதை உருவாக்கிய எரிக் மிகிகோவ்ஸ்கி கனடாக்காரர். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். இடையில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துக்குப் படிக்கப் போனார். அங்கே எல்லோரும் சைக்கிளில் போகிறவர்கள். பையில் போன் அடிக்கும், ஓட்டிக்கொண்டே எடுத்துப் பார்க்க முடியாது. யார் கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் கையில் தெரிந்தால் போதுமே என்று அவருக்குத் தோன்றியது. ஸ்மார்ட் வாட்ச் என்றால் இன்று நம் மனதில் வருகிற இதயத்துடிப்பு, நடை கணக்கு எதுவும் அந்த யோசனையில் கிடையாது. ‘எடுக்கலாமா, விட்டுவிடலாமா’ என்ற சின்னக் கேள்விக்கு ஒரு விடை, அவ்வளவுதான்.

முதலில் பிளாக்பெரி போன்களுக்காக இன்பல்ஸ் என்றொரு வாட்ச் செய்தார். அது பெரிதாக ஓடவில்லை. அடுத்த முயற்சியான பெப்பிளுக்கு முதலீட்டாளர்கள் கை விரித்தார்கள். அதனால் 2012 ஏப்ரலில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நேராக மக்களிடமே கேட்டார். கிக்ஸ்டார்ட்டரை நம் ஊர் தீபாவளிப் பலகாரச் சீட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பணம் முதலில், பண்டம் பின்னால், நடுவில் நம்பிக்கை. அவர் கேட்டது 1 லட்சம் டாலர். இரண்டு மணி நேரத்தில் அது சேர்ந்துவிட்டது. மே மாதம் வசூல் முடிந்தபோது 68,929 பேர் சேர்ந்து 1 கோடியே 2 லட்சத்து 66 ஆயிரத்து 845 டாலர் கட்டியிருந்தார்கள். அந்தத் தளம் அதுவரை கண்டிராத தொகை.

செப்டம்பரில் தருவதாகச் சொன்ன வாட்ச், 2013 ஜனவரி 23-ல்தான் கிளம்பத் தொடங்கியது. சில நூறு பேருக்குச் செய்ய நினைத்திருந்த பந்திக்கு ஊரே வந்து உட்கார்ந்துவிட்டால் தாமதமாகத்தானே செய்யும்.

சரி, பொருளுக்கு வருவோம். மதியம் பன்னிரண்டு மணிக்கு இந்த வாட்சை மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். கையிலிருந்த போனின் திரை வெயிலில் வெறும் கண்ணாடியாகிவிட்டது, அதில் என் முகம்தான் தெரிந்தது. பெப்பிளோ அறைக்குள் இருந்ததைவிடப் பளிச்சென்று மணி காட்டியது. அச்சடித்த காகிதம் வெயிலில் தெரிகிற மாதிரி. விளம்பரத்தில் இதை ‘இ-பேப்பர்’ என்று சொன்னதால், கிண்டிலில் இருக்கும் மின்மைத் திரை என்றே பலரும் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் இது ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் செய்த ‘மெமரி எல்சிடி’. சாதாரண எல்சிடி திரையில் படம் மாறாவிட்டாலும் விநாடிக்குப் பல தடவை அதை மறுபடி எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் குட்டி நினைவகம் ஒன்று உண்டு. ‘நீ கறுப்பு’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த உத்தரவு வரும்வரை அந்தப் புள்ளி கறுப்பாகவே நிற்கும். பின்னாலிருந்து விளக்கு போடவும் தேவையில்லை, மேலே விழுகிற வெளிச்சத்தையே திருப்பி அனுப்பிவிடும். இருட்டில் பார்க்க வேண்டுமானால் மணிக்கட்டை ஒரு உதறு உதறினால் போதும், சில விநாடிகளுக்கு ஒரு விளக்கு எரியும்.

அதனால்தான் 130 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை வைத்துக்கொண்டு அன்று அது ஒரு வாரம் ஓடியது. அந்தக் காலத்து ஐபோன் 5-ன் பேட்டரியில் இது ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு. 2015-ல் வந்த முதல் ஆப்பிள் வாட்சுக்கு அந்த நிறுவனமே சொன்ன கணக்கு 18 மணி நேரம்.

இதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், வண்ணம் கிடையாது. சாம்பல் நிறம்கூடக் கிடையாது; கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. அகலத்தில் 144 புள்ளிகள், உயரத்தில் 168. போட்டோ காட்டினால் பழைய தினசரியில் வந்த படம் போல இருக்கும். கடையில் வேறு வாட்சுகளோடு வரிசையில் வைத்தால், விளக்கு வெளிச்சத்தில் இது உயிரில்லாத பொம்மை மாதிரித்தான் தெரியும். வாங்க வருகிறவன் கடையில் பார்ப்பது ஐந்து நிமிடம், கட்டப்போவது ஐந்து வருடம். பெப்பிள் அந்த ஐந்து வருடத்துக்குச் செய்யப்பட்டது. அந்த ஐந்து நிமிடத்தில் அடிபட்டது.

தொடுதிரையும் இல்லை. இடப்பக்கம் ஒரு பட்டன், வலப்பக்கம் மூன்று. எல்லோரும் தொடுதிரைக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் இது பழைய கேசியோ காலத்து வழக்கம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். டவுன் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அதன் அருமை தெரிந்தது. பார்க்காமலே, விரலால் தடவி வலப்பக்கம் கீழ் பட்டனை அழுத்தினால் அடுத்த பாட்டு. மேல் பட்டன் முந்தைய பாட்டு. நடுப் பட்டன் நிறுத்த. வியர்வைக் கையிலும் மழையிலும் பட்டன் வேலை செய்யும். 50 மீட்டர் ஆழத்து நீர் அழுத்தம் தாங்கும் என்று சான்று உள்ள கருவி என்பதால், கழற்றாமலே குளித்தவர்கள் உண்டு. ஸ்ட்ராப் 22 மில்லிமீட்டர். எந்தக் கடிகாரக் கடையிலும் ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். இந்தக் கடைசி விஷயம் அற்பமாகத் தெரியும். ஆனால் தனக்கென்று தனி ஸ்ட்ராப் வைத்து, அது அறுந்ததும் குப்பைக்குப் போன எத்தனையோ கருவிகளை இந்தத் தொடரிலேயே பார்த்துவிட்டோம்.

உள்ளே இருந்த ரேம் நினைவகம் மொத்தம் 128 கிலோபைட். யாராவது ஒரு செயலி எழுதினால் அது ஓடுவதற்குக் கிடைத்த இடம் 24 கிலோபைட். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆகும் என்று கணக்கிட்டால், நீங்கள் இப்போது படிக்கும் இந்தக் கட்டுரையே அதற்குள் அடங்காது! இந்தச் சந்து வீட்டுக்குள் ஆயிரக்கணக்கில் குடித்தனம் நடத்தினார்கள் வெளியாட்கள். மணியை எழுத்தில் சொல்லும் முகப்பு, தூக்கத்தைக் கண்காணிக்கும் செயலி, விளையாட்டுகள் என்று வந்துகொண்டே இருந்தன. நிரல் எழுதுவதற்கான கருவிகளைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்ததும், இடம் குறைவாக இருந்ததால் ஒருவரே ஒரு வாரக் கடைசியில் உட்கார்ந்து ஒன்றை முடித்துவிட முடிந்ததும் காரணம். கட்டியிருப்பவர்தான் கஷ்டப்பட்டார். முதல் பெப்பிளில் செயலி, முகப்பு எல்லாம் சேர்த்து எட்டுதான் வைக்கலாம். ஒன்பதாவது வேண்டுமென்றால் ஒன்றை வெளியேற்றிவிட்டுத்தான்.

குறைகளில் பாதி வாட்சுக்கு வெளியே இருந்தது. பெப்பிள் சொந்தமாகச் செய்தி எதையும் அறியாது, போன் சொல்வதைத்தான் காட்டும். ஆரம்பத்தில் ஐபோன் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு தனிக் கதை. ப்ளூடூத் தொடர்பு ஒரு தடவை அறுந்துவிட்டால் மின்னஞ்சல் அறிவிப்புகள் வருவது நின்றுபோகும், போனில் செட்டிங்ஸுக்குள் போய் ஒவ்வொன்றாக அணைத்துப் போட வேண்டும். 2013 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 7-ல் இதற்கென்று ஆப்பிள் ஒரு வழி திறந்துவிட்ட பிறகுதான் நிலைமை சீரானது. அப்போதும் ஐபோனில் வந்த குறுஞ்செய்தியை முதல் பெப்பிளில் படிக்கலாம், பதில் அனுப்ப முடியாது. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் கடை போட்டவரின் நிலைமை இது. வீட்டுக்காரர் சொந்தமாகக் கடை திறக்கும் நாள் வந்தால் என்ன ஆகும் என்று அப்போதே கேட்டிருக்கலாம்.

நமக்கு இன்னொரு குறையும் உண்டு. அதன் எழுத்துருவில் தமிழ் இல்லை. அம்மா தமிழில் செய்தி அனுப்பினால் வரிசையாகக் கட்டங்கள் நிற்கும். எத்தனை எழுத்து அனுப்பினாள் என்று எண்ணிக்கொள்ளலாம்.

இவையெல்லாம் தெரிந்து செய்த தேர்வுகளின் விளைவு என்று விட்டுவிடலாம். விடமுடியாத குறை ஒன்று இருந்தது. மாதங்கள் போகப்போக, பல பெப்பிள்களில் திரை கிழிந்த மாதிரி கோடுகோடாகச் சிதறத் தொடங்கியது. திரைக்கும் உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கும் இடையிலான இணைப்பு தளர்ந்துபோவதுதான் காரணம். விரலால் ஓரத்தை அழுத்தினால் படம் சரியாகும், எடுத்தால் மறுபடி சிதறும். சில பயனர்கள் வாட்சைப் பிளந்து, காகிதத் துண்டை மடித்து உள்ளே சொருகிச் சரிசெய்தார்கள். ஆடுகிற மேஜைக் காலுக்கு அட்டை வைக்கிறோமே, அதே வைத்தியம். ஆனால் பசை போட்டு ஒட்டிய கருவியைப் பிளந்தால் அதோடு தண்ணீர்ப் பாதுகாப்பு போயிற்று. பேட்டரி மாற்றுவதும் இதே காரணத்தால் நடக்காத காரியம். ஒரு வாரம் தாங்கும் பேட்டரியைக் கொடுத்துவிட்டு அதை மாற்ற வழி வைக்காதது எனக்கு இன்றும் சமாதானமாகாத விஷயம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015-ல் வண்ணத் திரையோடு பெப்பிள் டைம் வந்தது. கிக்ஸ்டார்ட்டரில் 2 கோடி டாலருக்கு மேல் குவிந்தது. அதே வசந்தத்தில் ஆப்பிள் வாட்சும் வந்தது. வீட்டுக்காரர் கடை திறந்துவிட்டார். பெப்பிள் தடுமாறியது. அலுவலக வேலைக்கான வாட்ச் என்றது, பிறகு உடற்பயிற்சிக்கான வாட்ச் என்றது. முதலில் வாங்கியவர்கள் கேட்டது இரண்டுமே இல்லை. 2016 டிசம்பரில் அதன் மென்பொருளையும் ஆட்களில் ஒரு பகுதியையும் ஃபிட்பிட் நிறுவனம் சுமார் 2.3 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. வாட்ச் விற்பனை நின்றது. பெப்பிள் டைம் 2-க்காகப் பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு வாட்சுக்குப் பதில் பணம் திரும்பி வந்தது.

2018 ஜூன் 30-ல் பெப்பிளின் சர்வர்களும் அணைந்தன. அன்றோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் ரசிகர்கள் கூடி, ‘ரெபிள்’ என்ற பெயரில் செயலிக் கடையைத் தாங்களே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். என் மேஜையில் இருக்கும் வாட்ச் இந்த வாரம் வானிலை காட்டியது அவர்கள் புண்ணியத்தில்தான். ஃபிட்பிட்டை வாங்கிய கூகுளிடம் போய்ச் சேர்ந்திருந்த பெப்பிளின் மூல நிரல், 2025 ஜனவரியில் பொதுவில் திறந்துவிடப்பட்டது. மறுபடி வாட்ச் செய்யப்போவதாக மிகிகோவ்ஸ்கி உடனே அறிவித்தார்.

அப்படி வந்த பெப்பிள் 2 டூயோவின் விவரங்களைப் படித்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைத் திரை. 144-க்கு 168 புள்ளிகள். நான்கு பட்டன்கள். பேட்டரி மட்டும் 30 நாள் தாங்கும் என்கிறார்கள். முதல் பெப்பிள் 2013-ல் அமெரிக்கக் கடைகளில் 150 டாலருக்கு விற்றது. இது 2025-ல் வந்தபோது 149.

(அடுத்த வாரம்: ஸ்ட்ராப்பில் கேமரா வைத்த வாட்ச்)