கரண்ட் வைப்பது மட்டுமா பிசியோதெரபி?

பெங்களூரில் நாள்பட்ட முதுகுவலிக்காகப் பிசியோதெரபிக்குப் போகிறவர்களில் பலர், "கரண்ட் வைத்துக்கொண்டு வந்தேன்" என்றுதான் சொல்வார்கள். குப்புறப் படுக்க வைத்து, முதுகில் நான்கு பட்டைகளை ஒட்டி, இயந்திரத்தை ஓடவிட்டு, கிளம்பும்போது இடுப்புக்கு ஒரு பெல்ட்டும் எழுதிக் கொடுப்பார்கள். நோயாளியின் உடம்பை யாரும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த வழக்கத்துக்கு நேர் எதிரானது. டென்ஸ் என்ற மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட், முதுகெலும்பை இழுத்துவிடும் டிராக்‌ஷன், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது அது. பரிந்துரைப்பவற்றில் உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மசாஜ், முதுகெலும்பைக் கையால் அசைத்துத் தரும் சிகிச்சை ஆகியவை உண்டு. நாம் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அது வேண்டாம் என்ற பட்டியலில் இருக்கிறது. நமக்குக் கிடைக்காமல் போவது பயிற்சி பெற்ற கையும் அது செலவிடும் நேரமும்.

பல நோய்கள் ஒரே உடம்பில் சேரும்போது கையின் தேவை இன்னும் கூடுகிறது. இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கையைத் தூக்க முடியவில்லை என்று வருகிறவருக்கு அதுதானா, இல்லை தோளின் தசைநார் கிழிந்திருக்கிறதா? சிகிச்சையாளர் ஒரு கையால் தோள்பட்டை எலும்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, முழங்கையை மடக்கி, முன்கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பிப் பார்க்கிறார். நோயாளி தளர்த்திக் கொடுத்தும் ஓரிடத்துக்கு மேல் மூட்டு திரும்பாவிட்டால் மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகியிருக்கக்கூடும். தானாகத் தூக்க முடியாத கை, பிறர் தூக்கும்போது மட்டும் தாராளமாக வந்தால் சந்தேகம் தசைநார் பக்கம் போகும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பட்டையை ஒட்டிவிட்டு நகர்ந்துவிட்டால் இது தெரியவே தெரியாது.

நரம்பு நோய்களில் இதைவிடத் தெளிவாகப் பார்க்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் நரம்பியல் மறுவாழ்வுக்கென்றே தனித் துறை இருக்கிறது. கில்லன் பாரே நோயில் கைகால் செயலிழந்து வாரக்கணக்கில் படுத்திருப்பவரின் மூட்டுகளைத் தினமும் பிறர் கை அசைத்துக் கொடுக்க வேண்டும். அசையாத மூட்டில் தசையும் தசைநாரும் குறுகி, கணுக்கால் வளைந்தபடியே நின்றுவிடலாம். பிறகு நரம்பு தேறி உயிர் பெற்றாலும் அந்தப் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாது.

கைச் சிகிச்சையின் பலன் சிறிது, அதுவும் சில நாளில் கரைந்துவிடும் என்பார்கள். உண்மைதான், உலக சுகாதார நிறுவனமும் உறுதி குறைந்த சான்றுகளை வைத்து நிபந்தனையோடுதான் பரிந்துரைக்கிறது. ஆனால் வலிக்குப் பயந்து உடம்பை அசைக்காமலே வைத்திருப்பவருக்கு, சிறிது நேரம் வலி தணிந்தாலும் அந்த நேரத்தில் அவர் எழுந்து நடக்கலாம், தானே பயிற்சி செய்யலாம். நிலைக்கும் பலன் அந்தப் பயிற்சியிலிருந்து வருகிறது. அதற்கு வழி திறந்துவிடுவதே கையின் வேலை. மாதக்கணக்கில் படுக்க வைத்து அமுக்கிவிட்டு, வீட்டில் செய்ய ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தராத சிகிச்சை, கையால் செய்தாலும் பயனற்றதே.

ஆபத்து இல்லையா என்ற கேள்வியும் நியாயமானது. கழுத்தை வெடுக்கெனத் திருப்பிச் சொடக்கெடுக்கும்போது, அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. எலும்பு மெலிந்த முதியவருக்கு அழுத்தமே முறிவாகலாம். நாள்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களுக்குப் பயிற்சியைப் படிப்படியாகக் கட்டாயமாகக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் அறிவித்தது. இவையெல்லாம் பயிற்சியற்ற கைக்கும் அவசரத்துக்கும் எதிரான வாதங்கள். பிசியோதெரபி உள்ளிட்ட தொழில்களின் படிப்பையும் பதிவையும் ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் 2021இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. தெரு முனையில் சுளுக்கு எடுப்பவரையும் படித்துப் பதிவு பெற்றவரையும் ஒன்றாக எண்ண வேண்டியதில்லை.

ஆகவே அடுத்த முறை போகும்போது உங்கள் சர்க்கரை, எலும்பு, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லுங்கள். கரண்ட் வைப்பதற்கு முன் மூட்டை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் என்ன பயிற்சி செய்வது என்று கேட்காமல் திரும்பாதீர்கள்.