கல்லூரிக்குப் போகும் மகளுக்கு உதவித்தொகை

கோலார் தங்கவயல் எங்கள் ஊர். கர்நாடகத்தில் இருக்கிறது. ஆனால் இங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. எங்கள் தாத்தாக்கள் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தார்கள். 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதன் பிறகு பலருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். விடியும் முன்னே மாரிக்குப்பம் நிலையத்தில் ரயில் ஏறுவார்கள். இருட்டிய பிறகு திரும்பி வருவார்கள்.

அப்படி ரயிலில் போய் வீட்டு வேலை செய்யும் அக்கா ஒருவர் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிறார். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இப்போது தமிழில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். எண்களை நன்றாகப் படிக்கிறார்.

ஒரு ஞாயிறு அவர் சீக்கிரமே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாப்பா, என் பொண்ணு இரண்டாம் பி.யூ.சி. பாஸ் பண்ணிட்டா. நூத்துக்கு எண்பத்தாறு!"

"ரொம்ப சந்தோஷம் அக்கா. எந்தப் பிரிவு?"

"ஆர்ட்ஸ். எண்பதுக்கு மேல வாங்கினா சர்க்கார் பன்னிரண்டாயிரம் கொடுக்குதாமே! ரயில்ல சொன்னாங்க. அந்தப் பணத்துல காலேஜ் ஃபீஸ் கட்டிடலாம். இல்லேன்னா கார்மெண்ட்ஸ்ல சேத்துடலாம்னு அவ அப்பா சொல்றாரு."

எனக்குத் திக்கென்றது. ரயிலில் சொன்னது பாதி சரி, பாதி தப்பு. அந்தத் தப்புப் பாதியை நம்பி அக்கா கணக்குப் போட்டுவிட்டார். அன்று நாங்கள் பாடம் நடத்தவில்லை. இதைத்தான் பேசினோம். பேசியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எண்பது என்றால் என்ன?

மத்திய அரசு கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உதவித்தொகை தருகிறது. பட்டப்படிப்பில் முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு ரூ.12,000. அதாவது மாதம் ஆயிரம் ரூபாய். மேல்பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு ரூ.20,000. ஒவ்வொரு ஆண்டும் நாடு முழுவதும் 82,000 பேருக்குப் புதிதாகத் தருகிறார்கள். இதில் பாதி பெண்களுக்கு. அதாவது 41,000 பெண்கள்.

இதைப் பெற, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 80 பர்சன்டைலுக்கு மேல் இருக்க வேண்டும். இந்தச் சொல்தான் ரயிலில் 'எண்பது மார்க்' ஆகிவிட்டது. பர்சன்ட் வேறு, பர்சன்டைல் வேறு.

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடை முன்னால் நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். முதலில் வந்தவர் முன்னே, கடைசியில் வந்தவர் பின்னே. இப்போது வந்த நேரத்தை விடுங்கள். மதிப்பெண்படி நிற்கச் சொல்லுங்கள். அதிக மதிப்பெண் எடுத்தவர் முன்னே நிற்க வேண்டும். முன்னால் இருந்து இருபது பேரை எண்ணுங்கள். அங்கே ஒரு கோடு போடுங்கள். அந்த இருபது பேர் மட்டுமே இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கோட்டுக்குப் பின்னால் நிற்கும் எண்பது பேர் விண்ணப்பிக்க முடியாது.

அந்தக் கோடு எந்த மதிப்பெண்ணில் விழும்? அது வருடத்துக்கு வருடம் மாறும். கேள்வித்தாள் சுலபமாக இருந்தால் எல்லோரும் நிறைய மதிப்பெண் எடுப்பார்கள். அப்போது கோடு தொண்ணூறில் விழலாம். எண்பத்தாறு எடுத்தவர் பின்னால் போய்விடுவார். கேள்வித்தாள் கடினம் என்றால் எழுபதிலும் கோடு விழலாம். அந்த வருடம் எழுபத்திரண்டு எடுத்தவரும் முன்னே நிற்பார். கோடு விழும் மதிப்பெண்ணைக் 'கட்-ஆஃப்' என்பார்கள்.

வரிசையும் ஒன்றல்ல. உங்கள் பிள்ளை எந்த போர்டில் படித்தாளோ அந்த போர்டுக்கு ஒரு வரிசை. அதிலும் சயின்ஸுக்குத் தனி, காமர்ஸுக்குத் தனி, ஆர்ட்ஸுக்குத் தனி. அக்காவின் மகள் சயின்ஸ் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டியதில்லை. வேறு மாநிலப் பிள்ளைகளோடும் போட்டி இல்லை.

"அப்போ கோட்டுக்கு முன்னால நின்னா பணம் உறுதிதானே?" என்று அக்கா கேட்டார்.

அதுவும் உறுதி இல்லை. 18 முதல் 25 வயதுள்ளவர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் எத்தனை பேர் என்று பார்த்து, 82,000 இடங்களைப் பிரிக்கிறார்கள். மாநிலத்துக்குள் சயின்ஸுக்கு மூன்று பங்கு, காமர்ஸுக்கு இரண்டு பங்கு, ஆர்ட்ஸுக்கு ஒரு பங்கு. பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்பட்டோர், ஊனமுற்றோர் ஆகியோருக்கு ஒதுக்கீடும் உண்டு. விண்ணப்பித்தவர்களில் மதிப்பெண் கூடியவர்களுக்கு முதலில் கொடுப்பார்கள். இடம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். விண்ணப்பிக்காதவர் எவ்வளவு மதிப்பெண் எடுத்திருந்தாலும் கணக்கில் வரமாட்டார். நானே அதற்கு சாட்சி.

என் கதை

நான் பி.யூ.சி. முடித்தபோது எனக்கும் நல்ல மதிப்பெண். இப்படி ஒரு உதவித்தொகை இருப்பதாக யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. ஒரு தோழி சொன்னபோது கடைசித் தேதி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அப்பாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை. வீட்டில் காசில்லை. நான் கல்லூரிக்குப் போகவில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் கிடைத்திருந்தால் போயிருப்பேனா? தெரியாது. ஆனால் வீட்டில் கேட்டுப் பார்க்க ஒரு வாய் இருந்திருக்கும்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தேதி எப்போ? அதச் சொல்லு முதல்ல" என்றார்.

தேதி ஒவ்வொரு வருடமும் மாறும். விண்ணப்பம் தாளில் இல்லை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் கொடுக்க வேண்டும். அதன் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. கம்ப்யூட்டர் கடைக்காரர் தன் கூலியை வாங்குவார், அது வேறு. "எனக்கு ஆயிரம் கொடு, கண்டிப்பாக வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். போனில் வரும் ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

யாருக்குக் கிடைக்காது?

குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.4.5 லட்சத்துக்கு மேல் இருந்தால் கிடைக்காது. தபால் வழிப் படிப்புக்குக் கிடைக்காது. டிப்ளமாவுக்கும் கிடைக்காது. தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிக்கும் பட்டப்படிப்பாக இருக்க வேண்டும். ஆகவே எதில் சேர்வது என்று முடிவு செய்யும்போதே இதையும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று முக்கியம். வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குபவர் இதை வாங்க முடியாது. பட்டியல் சாதி மாணவர்களுக்கு 'போஸ்ட் மெட்ரிக்' உதவித்தொகை தனியாக இருக்கிறது. அதற்கு வருமான வரம்பு ரூ.2.5 லட்சம். அதில் மதிப்பெண் போட்டி இல்லை. தகுதி இருந்தால் கிடைக்கும். கட்டாயக் கட்டணமும் அதில் அடங்கும். கல்லூரிக் கட்டணம் அதிகம் என்றால் அதுவே லாபமாக இருக்கலாம். இரண்டின் தொகையையும் கூட்டிக் கழித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டாயிரம் என்ற எண் பெரிதாகத் தெரிகிறது என்று அதன் பின்னால் ஓடாதீர்கள்.

ஏணி எழுத்து

அடுத்த ஞாயிறு அக்கா ஒரு பை நிறையக் காகிதங்களோடு வந்தார். மகளும் வந்தாள். மதிப்பெண் பட்டியல், ஆதார் அட்டை, மகள் பெயரில் வங்கிப் பாஸ் புத்தகம். வருமானச் சான்றுக்கு நாடகச்சேரியில் எழுதிக் கொடுத்தாயிற்று. கையில் கிடைக்க நாளாகும். அதனால் அதை முதலிலேயே செய்வது நல்லது.

காகிதங்களைப் பாய் மேல் பரப்பினோம். பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சட்டென்று நிறுத்தினார்.

"பாப்பா, இங்க பாரு. மார்க் கார்டுல ஏணி மாதிரி ஒரு எழுத்து இருக்கு. ஆதார்ல அது இல்ல."

மகளும் நானும் குனிந்து பார்த்தோம். உண்மைதான்! மதிப்பெண் பட்டியலில் 'எச்' என்ற எழுத்து இருந்தது. ஆதாரில் விட்டுப் போயிருந்தது. படித்த நாங்கள் இரண்டு பேரும் பெயரை ஒரே மூச்சில் வாசித்துவிட்டோம். அதனால் கண்ணில் படவில்லை. எழுத்தை எழுத்தாகப் பார்த்தவர் கண்ணில் பட்டது.

ஓர் எழுத்துதானே என்று விடக்கூடாது. இணையதளம் ஆதாரில் உள்ள பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும். மதிப்பெண் பட்டியலோடு அது பொருந்தாவிட்டால் விண்ணப்பம் நின்று போகும். மகள் மறுநாளே ஆதார் மையத்துக்குப் போய்த் திருத்தக் கொடுத்தாள்.

வங்கிக் கணக்கிலும் ஒரு விஷயம் உண்டு. உதவித்தொகை ஆதாரோடு இணைத்த கணக்குக்குத்தான் வரும். இரண்டு கணக்கு இருந்தால், கடைசியாக எதை இணைத்தீர்களோ அதற்குப் போகும். வங்கியில் போய், "பணம் வருவதற்கு ஆதார் இணைத்திருக்கிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

விண்ணப்பம் கொடுத்தால் முடிந்ததா?

இல்லை. இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். கம்ப்யூட்டரில் அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த விண்ணப்பம் முதலில் கல்லூரிக்குத்தான் போகும். கல்லூரியில் அதற்கென்று ஒருவர் இருப்பார். அவர் காகிதங்களைப் பார்த்து, இணையதளத்தில் 'சரி' என்று குறிக்க வேண்டும். அதற்கும் கடைசித் தேதி உண்டு. அவர் குறிக்காமல் விட்டால் விண்ணப்பம் அங்கேயே கிடக்கும். தப்பு இருந்தால் திருப்பி அனுப்புவார். அதைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். அதன் பிறகு மேலே இன்னொரு சரிபார்ப்பு.

ஆகவே விண்ணப்ப எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நகல் ஒன்று எடுத்துக் கல்லூரியில் கொடுங்கள். பத்து நாள் கழித்துப் போய்க் கேளுங்கள். கேட்பது குற்றமில்லை. அக்காவின் மகள் மூன்று முறை போய்க் கேட்டாள். மூன்றாவது முறைதான் வேலை நடந்தது.

கட்டணத்துக்கு என்ன செய்வது?

இதை நான் முதல் நாளே சொல்லிவிட்டேன். சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. கல்லூரியில் சேரும்போது உதவித்தொகை கையில் இருக்காது. கட்டணத்தை முதலில் கட்ட வேண்டும். பணம் பல மாதம் கழித்துத்தான் வரும். வராமலும் போகலாம். அதை நம்பி வட்டிக்கு வாங்கினால் வட்டிதான் வளரும்.

அக்கா யோசித்தார். அரசுக் கல்லூரியில் கட்டணம் எவ்வளவு, தனியார் கல்லூரியில் எவ்வளவு என்று மகளை விசாரிக்கச் சொன்னார். பெரிய வித்தியாசம் இருந்தது. மகளுக்குத் தனியார் கல்லூரி மேல் ஆசை. ஒரு வாரம் வீட்டில் பேச்சு நடந்தது. கடைசியில் அரசுக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தாள். அந்தக் கட்டணத்துக்கு அக்கா மகளிர் சங்கத்தில் கடன் வாங்கினார். உதவித்தொகை வராவிட்டாலும் தன் சம்பளத்திலேயே அடைக்கக்கூடிய கடன்தான். கார்மெண்ட்ஸ் பேச்சு நின்றது.

தம்பிக்கும் ஒன்று

அக்காவுக்கு ஒரு மகனும் உண்டு. அரசுப் பள்ளியில் ஏழாவது படிக்கிறான். எட்டாம் வகுப்பில் படிப்பவர்களுக்கு இன்னொரு உதவித்தொகை இருக்கிறது. 2008-ல் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். எட்டாவதில் தனியாக ஒரு தேர்வு எழுத வேண்டும். யோசித்துப் பதில் சொல்லும் கேள்விகள் 90, பாடக் கேள்விகள் 90. தேறினால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு ரூ.12,000. குடும்ப வருமானம் ரூ.3.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஏழாவதில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50 போதும். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குக் கிடைக்கும். தேறிய பிறகு இதையும் இணையதளத்தில் பதிய வேண்டும். பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் வரை காத்திருக்காதீர்கள்.

பணம் வந்ததா?

மார்ச் வரை வரவில்லை. அக்கா ஒவ்வொரு மாதமும் வங்கிக்குப் போய்ப் பாஸ் புத்தகத்தில் வரவு ஏற்றிப் பார்ப்பார். எண்கள் படிக்கத் தெரிந்ததால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஏப்ரலில் 12,000 என்று ஒரு வரி இருந்தது. சங்கக் கடனில் மீதி இருந்ததை அடைத்தார். மகளுக்கு ரயில் பாஸ் வாங்கினார்.

அடுத்த வருடம் அது தானாக வராது. 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். மறுபடி இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. அதன் அட்டையில் பென்சிலால் பெரிய எழுத்தில் அவரே எழுதியிருந்தார்: 'பாப்பாவுக்கு புதுப்பிக்கணும். காலேஜ்ல கேக்கணும்.'