நீளுங் கயிறும் நிதானமான கையும்

நாய் வளர்ப்போர் அனைவரும் அறிந்த இக்கட்டு ஒன்றுண்டு. காலையில் படலையைத் திறந்தவுடன் நாய் ஓடித் திரிந்து மோப்பம் பிடிக்க விரும்புகின்றது. வளர்ப்பவரோ அது வாகனத்தில் அடிபடாமலும், வீதியாற் செல்வோரை வெருட்டாமலும் இருக்கவேண்டும் என்று விரும்புகின்றார். கட்டையான கயிறு நாய்க்குச் சிறையாகின்றது; நெடுங்கயிறோ காலிற் சிக்குகின்றது, சேற்றில் இழுபடுகின்றது, வேலிக் கதியாலைச் சுற்றிக்கொள்கின்றது. இவ்விரு குறைகளையும் நீக்கும் நோக்குடன் தோன்றியதே, தானாக நீண்டு தானாகச் சுருளும் நாய்க்கயிறு. அதனைத் தெரிவு செய்யும் முறையையும், தீங்கின்றிப் பயன்படுத்தும் வகையையும் இன்று சிறிது ஆராய்வோம்.

இக்கருத்து மிகப் புதியதன்று. நியூயோர்க் நகரைச் சேர்ந்த மேரி டெலனி என்னும் பெண்மணி இத்தகைய கருவி ஒன்றுக்கு 1908ஆம் ஆண்டிலேயே ஆக்கவுரிமை பெற்றார். ஆயினும் அது உலகெங்கும் பரவியது, ஜேர்மனியிலே மன்பிரெட் பொக்டான் என்பவர் 1973ஆம் ஆண்டில் தமது நிறுவனத்தைத் தொடங்கிய பின்னரேயாம். மரமறுக்கும் சங்கிலிவாளை இயக்குவதற்கு இழுக்கும் கயிறு, கையை விட்டதும் தானே உள்ளே சுருண்டு போவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அந்தப் பொறியையே அவர் நாய்க்கயிற்றுக்குப் பொருத்தினார்.

கருவியின் அமைப்பு எளிதானது. கைப்பிடியுடன் கூடிய ஒரு பிளாஸ்டிக் கூடு. அதனுள்ளே கயிறு சுற்றிய ஓர் உருளை. உருளையின் நடுவே, பழைய மணிக்கூட்டில் இருப்பதைப் போன்ற தட்டையான விற்சுருள். நாய் முன்னே செல்லச் செல்லக் கயிறு வெளிவந்து விற்சுருள் இறுகும். நாய் நெருங்கி வரும்போது அவ்விறுக்கம் கயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேசன்மார் வைத்திருக்கும் உருக்கு அளவுநாடாவும் இவ்வாறே இயங்குகின்றது. கைப்பிடியின் மேலுள்ள பொத்தானைப் பெருவிரலால் அழுத்தினால் கயிறு அவ்விடத்தே நிற்கும். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. பொத்தான் கயிற்றை நிறுத்துமேயன்றி, நாயைத் திரும்ப இழுத்து வராது. இதனை அறியாமையே பல விபத்துகளுக்குக் காரணமாகின்றது.

வாங்கும்போது முதலில் நோக்கவேண்டியது நாயின் நிறை. ஒவ்வொரு கருவியிலும் அது தாங்கும் நிறை குறிக்கப்பட்டிருக்கும். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பின்னர் நீங்கள் தனியே நின்ற நிறையைக் கழித்தால் நாயின் நிறை கிடைக்கும். அது இரண்டு தரங்களுக்கு இடைப்பட்டதாயின் பெரியதையே வாங்குக. அடுத்தது கயிற்றின் வகை. மெல்லிய உருண்டைக் கயிறு தோலை அறுக்கும். கண்ணுக்கும் எளிதிற் புலப்படாது. முழுநீளமும் தட்டையான நாடாவாக உள்ளதே நன்று. நீளம் 3, 5, 8 மீற்றர் எனப் பலவாறாகக் கிடைக்கும். பெரும்பாலோருக்கு 5 மீற்றர் போதுமானது. கடையிலேயே கையிற் பிடித்து, பெருவிரல் பொத்தானை எளிதில் எட்டுகின்றதா, பூட்டு உறுதியாக விழுகின்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, ஆபத்து எங்கே உள்ளது என்பதைக் கவனிப்போம். 20 கிலோகிராம் நிறையுள்ள நாயொன்று செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் ஓடுகின்றது என்று கொள்வோம். அதனை அரை மீற்றர் தூரத்துள் தடுத்து நிறுத்த, ஏறத்தாழ 70 கிலோகிராம் பாரத்தைத் தாங்குமளவு விசை வேண்டும். அவ்விசை நம் தோளிலும் நாயின் கழுத்திலும் ஒருங்கே விழுகின்றது. வேகம் பாதியாயின் விசை காற்பங்காகிவிடும். கட்டைக் கயிற்றில் நாய் வேகமெடுக்க இடமில்லை. நெடுங்கயிற்றில் அதற்குத் தாராளமாக இடமுண்டு. ஆதலால் இக்கயிற்றைக் கழுத்துப் பட்டியிற் கொளுவாது, மார்பைச் சுற்றிய பட்டியிற் கொளுவுதலே முறை.

அதே வேகத்தில் 4 மீற்றர் அகலமான ஓர் ஒழுங்கையை நாய் ஒரு செக்கனுக்குள் கடந்துவிடும். எதிரே பூனையொன்று ஓட, மூலையில் முச்சக்கர வண்டியொன்று திரும்பினால், பெருவிரல் பொத்தானைத் தேடுவதற்கு நேரமேது? எனவே வீதியோரத்திற் செல்லும்போது கயிற்றைக் கட்டையாக்கிப் பூட்டிவிடுங்கள்; அல்லது சாதாரணக் கட்டைக் கயிற்றையே கொண்டு செல்லுங்கள். நீளுங் கயிற்றுக்கு உரிய இடம் கடற்கரை, வெறும் மைதானம், அறுவடை முடிந்த வயல் ஆகியனவே. தெருநாய்கள் கூடுமிடத்தில் நீண்ட கயிறு பல நாய்களையும் மனிதரையும் ஒன்றாகச் சுற்றிவிடும்.

ஓடுங் கயிற்றை வெறுங்கையாற் பற்றுதல் ஒருபோதும் ஆகாது; விரலிற் சுற்றிக்கொள்ளுதலும் ஆகாது. தோல் எரிந்தவர்களும், விரலையே இழந்தவர்களும் உண்டு. நாயை அருகே கொணர விரும்பினால், பொத்தானை அழுத்தியபடி கையைப் பின்னே இழுங்கள்; பின்னர் பொத்தானை விட்டுக் கையை விரைவாக முன்னே நீட்டுங்கள்; தளர்ந்த கயிறு உள்ளே சுருளும். உடனே மீண்டும் அழுத்துங்கள். மீன்பிடிப்போர் தூண்டிலை இழுத்துச் சுற்றுவது போன்ற இம்முறையை வளவுக்குள்ளேயே பழகிக்கொள்ளல் வேண்டும்.

கைப்பிடி நழுவி விழுந்தால் கூடு தரையில் அடிபட்டு ஒலித்தபடி நாயை நோக்கிப் பாயும். நாய் அஞ்சி ஓடும். ஓட ஓட அது பின்னே துரத்தி வரும். அவ்வாறு வீதியின் நடுவே பாய்ந்த நாயைக் காத்தல் அரிது. ஆகையால் முதியோரும் சிறுவரும் வலிய நாயை இக்கயிற்றிற் கொண்டு செல்லலாகாது. பயிலாத குட்டிக்கும் இது ஏற்றதன்று. கயிறு எப்போதும் சற்று இழுபட்டே இருப்பதால், இழுத்தால் இடம் கிடைக்கும் என்று குட்டி கற்றுக்கொள்ளும்.

கடற்கரையிலிருந்து மீண்டதும் கயிறு முழுவதையும் வெளியே இழுத்துப் பூட்டி, மணலையும் உப்பையும் துடைத்து, நிழலில் உலர்த்திய பின்னரே சுருள விடுங்கள். நைந்த கயிற்றையும் துருவேறிய கொளுக்கியையும் நம்பாதீர்கள்.

இத்தனை கவனத்துக்கும் முன்னதாகச் செய்யவேண்டிய கடமை வேறொன்றுண்டு. பெயர் சொல்லி அழைத்தவுடன் திரும்பி வரும் பழக்கத்தை நாய்க்குக் கற்பித்தலே அது. கயிறு அறுந்த வேளையிலும் பொத்தான் பிழைத்த வேளையிலும் அந்த உயிரைக் காப்பது நமது குரலுக்கு அது பழகிய பழக்கமேயாம். நாள்தோறும் சில நிமிடம் அதற்கென ஒதுக்குவோர், கயிற்றின் முழுநீளத்தையும் அச்சமின்றி நாய்க்கு அளிக்கலாம்.