உஷார்! பெட்ரோல் பங்க்கில் தொடங்கும் கரீபியன் பயணம்

திருப்பதி ரோட்டில் பெட்ரோல் போடும்போதோ, சென்னையில் ஏதாவது மாலில் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கும்போதோ, டை கட்டிய பையன் ஒருவன் சிரித்த முகமாக ஒரு சீட்டை நீட்டினால் வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்களா? பெயர் எழுதாதீர்கள். எழுதிவிட்டீர்களா? போன் நம்பரில் கடைசி எண்ணையாவது மாற்றிப் போடுங்கள்.

ஒரு வாரத்தில் போன் வரும். "குலுக்கல்ல உங்க பேரு விழுந்திருக்கு சார், மூணு ராத்திரி நாலு பகல் ஹாலிடே ஃப்ரீ." குலுக்கலாவது, ஒன்றாவது! கல்யாணம் ஆனவரா, மாத வருமானம் எவ்வளவு, சொந்தக் கார் உண்டா, கிரெடிட் கார்டு உண்டா என்ற கட்டங்களையெல்லாம் உங்கள் கையாலேயே டிக் அடித்துக் கொடுத்தீர்களே, அதைப் பார்த்துத்தான் உங்களைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள்.

திருத்தணிக்காரர்களுக்கு இதை ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? நமக்குச் சென்னையும் பக்கம், திருப்பதியும் பக்கம். பரிசு வாங்கிக்கொள்ள எந்த ஹோட்டலுக்குக் கூப்பிட்டாலும் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று தோன்றும். தறியிலும் கடையிலும் நாலு காசு சேர்ந்திருக்கிறது. வெளிநாடு என்று ஒருமுறையாவது போய்வர வேண்டும் என்ற ஆசையும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. ஆசையில் தப்பே இல்லை. அந்த ஆசைக்கு இருபத்தைந்து வருஷத் தவணை போடுகிறார்களே, அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்.

அம்மையார்குப்பத்தில் பத்து விசைத்தறி வைத்திருக்கும் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். போனில் பேசும் பெண் இரண்டு நிபந்தனை சொல்வாள். புருஷன், பெண்டாட்டி இருவரும் கட்டாயம் வர வேண்டும். ஆதாரும் ஏடிஎம் கார்டும் கையில் இருக்க வேண்டும். பரிசு கொடுப்பவனுக்கு வாங்குகிறவனின் கார்டு எதற்கு என்று உடனே கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்பதில்லை. ஜோடியாக வரச் சொல்வதில் அதைவிடப் பெரிய தந்திரம் இருக்கிறது. சீட்டு பிடிப்பவர், இன்சூரன்ஸ் ஏஜெண்ட், மனை விற்பவர் எல்லோரிடமிருந்தும் நம்மைக் காலங்காலமாகக் காப்பாற்றி வந்தது ஒரே ஒரு வாக்கியம்: "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்." வீட்டையே அழைத்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் அந்த வாக்கியம் செத்துவிடுகிறது.

ஹாலுக்குள் நுழைந்ததும் காதைப் பிளக்கும் பாட்டு. இருபது மேஜை, மேஜைக்கு ஒரு பையன். நம் பேச்சில் தெலுங்கு வாடை அடித்தால் "ரண்டி மேடம், கூச்சோண்டி" என்று அவனும் மாறிக்கொள்வான். முதல் அரை மணி நேரம் எதையும் விற்க மாட்டான். கடைசியாக எங்கே டூர் போனீர்கள், எவ்வளவு செலவானது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று குசலம்தான். பிறகு ஒரு வெள்ளைத் தாளில், அந்தச் செலவு வருஷத்துக்குப் பத்து சதவீதம் ஏறினால் இருபத்தைந்து வருஷத்தில் எவ்வளவு ஆகும் என்று பெருக்கிக் காட்டுவான். அடுத்தாற்போல் டேப்லெட் திரை. அரூபா, பார்படோஸ், செயின்ட் மார்ட்டின். கண்ணாடி மாதிரி கடல்.

"ஏங்க, இது எங்க இருக்கு?"

"கரீபியன் மேடம். நம்ம மெம்பர்ஸ் எல்லாம் வருஷா வருஷம் போறாங்க."

இருபத்தைந்து வருஷ மெம்பர்ஷிப்பின் விலை ஆறரை லட்சம் என்பான். நம்மவர் எழுந்திருக்கப் பார்த்தால் மேனேஜர் வருவார். பிறகு அவருக்கும் மேல் ஒருவர். "உங்களுக்காக, இன்னைக்கு மட்டும்" நாலு லட்சம். அரை மணி நேரத்தில் இரண்டரை லட்சம் இறங்குகிற பொருளின் உண்மையான விலைதான் என்ன? யோசிக்க விடமாட்டார்கள். பக்கத்து மேஜையில் யாரோ வாங்கிவிட்டதாக மைக்கில் அறிவிப்பு வரும், கைதட்டல் வரும். "மேடமுக்காக இதுகூடச் செய்ய மாட்டீங்களா சார்?" என்று ஒரு ஊசி இறங்கும். ஒன்றரை மணி நேரம் என்று சொல்லி அழைத்த கூட்டம் நாலு மணி நேரமாக நீளும். பசி, களைப்பு, கூச்சம். கார்டைத் தேய்த்துவிட்டு வெளியே வந்தால் கையில் ஒரு டின்னர் செட்.

இந்த வியாபாரத்துக்கு டைம்ஷேர் என்று பெயர். அதுவே மோசடி என்று நான் சொல்லவில்லை. ஒரு ரிசார்ட் அறையை வருஷத்தின் 52 வாரங்களாகக் கூறுபோட்டு, வாரத்துக்கு ஒருவராக விற்கும் ஏற்பாடு 1960-களில் ஐரோப்பாவில் பிறந்தது. இங்கே அதைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒன்று 1986-ல் தொடங்கிய ஸ்டெர்லிங். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் அதன் ரிசார்ட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். 1996-ல் மகிந்திரா குழுமம் இறங்கி, கிளப் மகிந்திரா என்ற பெயரில் 25 வருஷ உறுப்பினர் திட்டத்தைப் பரப்பியது. இவை இன்றும் நடக்கிற, கணக்குக் காட்டுகிற நிறுவனங்கள். பொருத்தமாகத் திட்டமிட்டுப் போய்வருகிற குடும்பங்களும் உண்டு. இந்தப் பெயர்களின் சாயலில் நேற்று முளைத்து, சொந்தமாக ஒரு குடிசைகூட இல்லாமல் மெம்பர்ஷிப் விற்கும் கம்பெனிகளைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டியிருக்கிறது. எதை வாங்கினாலும், எந்தக் கம்பெனியில் வாங்கினாலும், கையெழுத்துப் போடும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் உங்கள் கைக்கு வருவது ஓர் அறை அல்ல, அறை கேட்கும் உரிமை மட்டுமே.

இதைத் திருத்தணிக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டாம். ஆடிக் கிருத்திகை அன்று ஊரில் ரூம் கிடைக்குமா? ஆந்திராவிலிருந்து காவடி எடுத்து வரும் கூட்டம் மலையடிவாரத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும். அதே லாட்ஜில் விசேஷமில்லாத ஒரு நாள் போய்க் கேட்டால் சாவியைக் கையில் கொடுத்து, எந்த ரூம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். டைம்ஷேருக்கும் அப்படித்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் மே மாதம்தான் லீவு; எல்லாத் தகப்பனும் மே மாதம்தான் ஊட்டி கேட்பான். ஒப்பந்தத்தில் "அறை இருப்பைப் பொறுத்து" என்று ஒரு வரி இருக்கும். சீசனுக்கு ஒரு நிறம் வைத்து, நீங்கள் வாங்கிய நிறத்துக்கு மே மாதம் கிடையாது என்பதும் எங்கோ பொடி எழுத்தில் இருக்கும். டேப்லெட்டில் காட்டியது மே மாதம். கையெழுத்துப் போட்டது மழைக்காலத்துக்கு.

இப்போது கணக்கைப் பார்ப்போம். நாலு லட்சத்தை பேங்கில் ஆறரை வட்டிக்குப் போட்டால் வருஷம் 26,000 ரூபாய் வரும். மெம்பர்ஷிப் எடுத்தால் அந்த வட்டி போச்சு. அதன்மேல் போனாலும் போகாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் என்று வருஷா வருஷம் ஒரு தொகை. 20,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள், அது ஏறுமே தவிர இறங்காது. இரண்டும் சேர்ந்து 46,000. ஏழு ராத்திரிக்குப் பிரித்தால் ஒரு ராத்திரி சுமார் 6,570 ரூபாய். சாப்பாடு தனி, பயணம் தனி, ஜிஎஸ்டி தனி. அதுவும் இருபத்தைந்து வருஷத்தில் ஒரு வருஷம்கூடத் தவறாமல் போனால்தான் இந்தக் கணக்கு. வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு பிரசவம், ஒரு ஆபரேஷன் வந்தால் அந்த வருஷத்து 46,000 காந்தி கணக்கு. முடிவில் பேங்கில் போட்டவனுக்கு நாலு லட்சம் அப்படியே இருக்கும். இவருக்கு மெம்பர்ஷிப் அட்டை இருக்கும்.

சரி, கரீபியன்? அங்கே போக "எக்ஸ்சேஞ்ச்" என்பார்கள். உங்கள் வாரத்தை ஒரு பரிமாற்றக் கம்பெனியில் போட்டு, உலகில் வேறெங்காவது ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். 1974-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்சிஐ இந்தத் தொழிலின் பெரிய பெயர். அதற்குத் தனி சந்தா, ஒவ்வொரு மாற்றலுக்கும் தனிக் கட்டணம். நீங்கள் கொடுக்கும் வாரம் எத்தனை பேருக்கு வேண்டியதோ, அதற்கேற்ற வாரம்தான் திரும்பக் கிடைக்கும். மழைக்கால மூணாறைக் கொடுத்துவிட்டு ஜனவரி மாத பார்படோஸைக் கேட்டால் சிரிப்பார்கள்.

கிடைப்பது செப்டம்பர், அக்டோபர். நம் காலாண்டு விடுமுறைக்கும் தோதாக இருக்கும், விலையும் மலிவு. ஏன் மலிவு என்று மேஜைப் பையன் சொல்ல மாட்டான். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் காலம், செப்டம்பர் அதன் உச்சம். 2017 செப்டம்பர் 6-ஆம் தேதி இர்மா புயல் செயின்ட் மார்ட்டின் தீவைச் சூறையாடியதில் விமான நிலையமே சிதைந்துபோனது. சென்னையிலிருந்து அந்தப் பக்கம் நேரடி விமானமும் இல்லை. பார்படோஸுக்கும் ஜமைக்காவுக்கும் இந்தியர் முன்கூட்டி விசா வாங்கத் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாற மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பல ரிசார்ட்டுகள் சாப்பாட்டுக் கட்டணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று கட்டாயமாக வசூலிக்கும். நாலு பேர் குடும்பத்துக்கு அறை இலவசம் என்பது மொத்தச் செலவில் ஓரத்துக் காசு.

இடையில் ஒன்று. நம் பக்கத்து மனிதர்கள் 1853-லேயே கரீபியனுக்குப் போயிருக்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து ஆள் ஏற்றிய ஒரேலி என்ற கப்பல் அவர்களை மார்த்தினிக் தீவில் இறக்கியது. அவர்களும் படிக்கத் தெரியாத கூலி ஒப்பந்தத்தை நம்பித்தான் போனார்கள். அவர்களுக்கு ஐந்து வருஷம், நமக்கு இருபத்தைந்து.

இதைவிட ஆபத்தான ஒரு வகை இருக்கிறது. "ஹாலிடே போகாட்டியும் பரவாயில்ல சார், முடிவுல பணம் வட்டியோட திரும்பி வரும்" என்று யாராவது சொன்னால் செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே வாருங்கள். மும்பையின் பான்கார்டு கிளப்ஸ் ஹோட்டல் அறை இரவுகளை இப்படித்தான் விற்றது. அது அனுமதியில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று முடிவு செய்த பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி, 2016 பிப்ரவரியில் 7,035 கோடி ரூபாயைத் திருப்பித் தரச் சொன்னது. பணம் போட்டிருந்தவர்கள் 51 லட்சத்துக்கும் மேல். செபியின் உத்தரவு வருவது ஒன்று, பணம் கைக்கு வருவது வேறு.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே எழுந்திருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேர் வாங்கியவர் காரணமே சொல்லாமல் 14 நாளில் விலகலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 10 நாள். நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. சில கம்பெனிகள் தாமாகவே ஒப்பந்தத்தில் சில நாள் அவகாசம் வைத்திருக்கும். அந்தப் பக்கத்தைத் தேடி, அன்றே மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். போனில் சொன்னது எதுவும் செல்லாது. ஹாலிலேயே ஆப் மூலம் கடன் போட்டுக் கொடுத்திருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி அதிலிருந்து அபராதமில்லாமல் விலக ஒரு குறுகிய அவகாசம் உண்டு. அது ஒரே ஒரு நாளாகக்கூட இருக்கலாம்.

"வழக்கு ஐதராபாத் நீதிமன்றத்தில் மட்டுமே" என்று ஒப்பந்தத்தில் பார்த்துப் பலர் அங்கேயே சோர்ந்துவிடுகிறார்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிவரை நம் திருத்தணித் தாலுகா ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் கிடந்தது. தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டக் காலத்தில் போராடி மீட்ட ஊர் இது. ஒரு பொடி எழுத்துக்குப் பயந்து ஐதராபாத் போவதா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்குத் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஒப்பந்தத்தில் மத்தியஸ்தம் என்று எழுதியிருந்தாலும் ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்திருக்கிறது. இலவசப் பரிசு என்று காட்டி அதன் விலையை வேறு வழியில் வசூலிப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். ஆகவே அந்தக் கூப்பன், வாட்ஸ்அப் செய்தி, டின்னர் செட் பெட்டி எதையும் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு வருஷத்துக்குள் புகார் செய்ய வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

ஒருமுறை ஏமாந்தவரைத் தேடி இரண்டாவது கோஷ்டி வரும். "உங்க மெம்பர்ஷிப்ப நாங்க வித்துத் தர்றோம் சார், பார்ட்டி ரெடி, ஜிஎஸ்டி மட்டும் முன்னாடி கட்டுங்க" என்பார்கள். உங்கள் பெயர், மெம்பர்ஷிப் எண், கட்டிய தொகை எல்லாம் அவர்கள் கையில் இருக்கும். அதனாலேயே நம்பிக்கை வரும். மெக்சிகோவில் இதைப் போதைக் கடத்தல் கும்பலே தொழிலாக நடத்துகிறது. 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட 30 கோடி டாலரை இப்படி இழந்ததாக எஃப்பிஐ கணக்குச் சொல்கிறது. விற்றுத் தருகிறவன் கமிஷனை விற்ற பணத்தில் கழித்துக்கொள்ளட்டும். முன்பணம் கேட்டால் போனை வையுங்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் விடியும்வரை காத்திருக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிந்தால் அந்த முதல் சில மணி நேரத்தில்தான் முடியும்.