ரோபோவுக்கு அடங்காத துணி

கார் தொழிற்சாலையில் ரோபோக் கைகள் கதவைத் தூக்கிப் பொருத்துகின்றன, பற்றவைக்கின்றன, பெயின்ட்கூட அடிக்கின்றன. சரி, நீங்கள் போட்டிருக்கும் சட்டைக்குக் காலர் வைத்தது யார்? அது நிச்சயம் மனிதக் கைகளாகத்தான் இருக்கும்.

நம்பிக்கை வரவில்லையா? ஓர் அட்டையையும் ஒரு கைக்குட்டையையும் மேசைமேல் வையுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு மூலையில் மட்டும் பிடித்துத் தூக்குங்கள். அட்டை விறைப்பாக வரும். அதன் மற்ற மூன்று மூலைகள் எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். கைக்குட்டை அப்படியா? தொங்கும், மடியும், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி சுருங்கும். மூலைவாட்டில் இழுத்தால் நீளவும் செய்யும். கணக்குப் போட்டு வேலை செய்யும் ரோபோவுக்கு இதைவிடத் தலைவலி வேறில்லை. 2016இல் அமெரிக்காவில் ஒருவர் ஒரு தந்திரம் செய்தார். நீரில் கரையும் பிளாஸ்டிக்கில் துணியை நனைத்து அட்டைபோல விறைக்க வைத்தார். பிறகு ரோபோவைக் கொண்டு அதை டி-சர்ட்டாகத் தைத்தார். கடைசியில் தண்ணீரில் அலசினால் பிளாஸ்டிக் போய்விடும். நல்ல யோசனைதான், ஆனாலும் உலகத்தின் சட்டைகளை இன்றும் கைகள்தான் தைக்கின்றன.

தொழிற்சாலைத் தையல் எந்திரம் நிமிடத்துக்கு 5,000 தையல்வரை போடும். நேரம் போவது அதில் இல்லை. துண்டை எடுப்பது, ஓரத்தோடு ஓரம் சேர்ப்பது, திருப்புவது ஆகியவைதான் நேரத்தைத் தின்கின்றன. எனவே ஆடைத் தொழிலுக்குப் பணத்தைவிட ஆட்கள் அதிகம் வேண்டும். இரும்பாலை கட்டக் கோடிக்கணக்கில் கொட்ட வேண்டும். ஆடை ஆலையை ஒரு வாடகை மாடியில் தொடங்கிவிடலாம். ஏழை நாடுகள் தொழில்வளர்ச்சியைத் துணியில் ஆரம்பிப்பதற்கு இதுதான் காரணம். இங்கிலாந்து, ஜப்பான், தென்கொரியா எல்லாம் இந்த வழியாக வந்தவைதான்.

வங்கதேசத்தின் கதை இன்னும் சுவையானது. 1971இல் போருக்குப் பின் பிறந்த அந்த நாடு வெளியே விற்றது பெரும்பாலும் சணல். அப்போது பணக்கார நாடுகள், 'உங்கள் ஆடைகளை இவ்வளவுதான் வாங்குவோம்' என்று கொரியா போன்ற நாடுகளுக்கு வரம்பு போட்டிருந்தன. வங்கதேசத்துக்கு அந்த வரம்பு இல்லை. கொரியாவின் டேவூ நிறுவனம் அதைக் கவனித்தது. முன்னாள் அரசு அதிகாரி நூருல் காதர் தொடங்கிய தேஷ் கார்மென்ட்ஸுடன் கைகோத்தது. 1979இல் அங்கிருந்து 130 பேர் கொரியாவின் பூசான் நகருக்குப் போய்ப் பயிற்சி பெற்றார்கள்.

அங்கே என்ன படித்தார்கள்? ஒரு சட்டையைப் பல சிறு வேலைகளாகப் பிரித்து வரிசையாக உட்கார்ந்து தைப்பது. வரிசையில் ஒருவர் மெதுவாகிவிட்டால் அவர் பக்கத்தில் துண்டுகள் மலையாகக் குவியும், அவருக்கு அடுத்தவர் சும்மா இருப்பார். இதைச் சரிக்கட்டுவதே ஒரு தனிக் கலை. துணியை அடுக்கி வெட்டுவது, தரம் பார்ப்பது, வெளிநாட்டு வியாபாரியிடம் பேசுவது என்று எல்லாமே பாடம்தான்.

1980இல் தேஷ் தைத்த சட்டைகள் 43,000. 1987இல் 23 லட்சம்! ஆனால் அதற்குள் அந்த 130 பேரில் 115 பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். சிலர் சொந்த ஆலை தொடங்கினார்கள், சிலர் மற்றவர்களின் புதிய ஆலைகளுக்குப் போனார்கள். முதலாளிக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். நாட்டுக்கோ அது பெரிய லாபம். எந்திரத்தை யாரும் கப்பலில் வாங்கி வரலாம். தொழில் தெரிந்தவர்கள் நாலு பக்கமும் பரவினால்தான் தொழில் பெருகும். இன்று வங்கதேசத்தில் சுமார் 40 லட்சம் பேர் ஆடைத் தொழிலில் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் பெண்கள். அவர்களில் பலருக்கு, அம்மாவோ பாட்டியோ பார்க்காத முதல் மாதச் சம்பளம் அது.

இந்த வளர்ச்சிக்குக் கொடுத்த விலையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்காவுக்கு அருகே சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. அதன் மேல்மாடிகளை அனுமதியில்லாமல் கட்டியிருந்தார்கள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் திட்டமிட்ட இடத்தில் ஆலைகளை நடத்தினார்கள். கனமான எந்திரங்களும் அதிரும் ஜெனரேட்டர்களும் மேலே இருந்தன. 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். அன்று கட்டடம் சரிந்து 1,134 பேர் இறந்தார்கள். இதை விபத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு வெளிநாட்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம் போட்டன. பொறியாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளில் தூண், மின்கம்பி, தீ வாசல் எல்லாவற்றையும் சோதித்தார்கள்.

நாடுகள் துணியில் ஆரம்பிக்கின்றன என்று பார்த்தோம். கொரியா துணியோடு நின்றுவிடவில்லை. டேவூவே 1967இல் துணி ஏற்றுமதியில் தொடங்கி, 1978இல் ஒரு கப்பல் கட்டும் தளத்தைக் கையில் எடுத்தது. வங்கதேசத்திலும் பஞ்சாலைகளும் பின்னல் துணி ஆலைகளும் பெருகிவிட்டன. அந்த நாட்டுக்குத் தேவையான மாத்திரைகளில் பெரும்பகுதி அங்கேயே தயாராகிறது. ஆனாலும் அதன் ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் இன்னும் ஆடைகளிலிருந்தே வருகிறது.