உப்புக்காற்றும் ஊர்திப் பொறியும்

முத்துக்கும் உப்புக்கும் பெயர்பெற்ற தூத்துக்குடிக் கரையில் பழைய அம்பாசிடர் கார்களைப் பேணி வருவோர் இன்றும் உளர். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் உருவாகி, 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன ஊர்தி அது. அதன் பெட்ரோல் வகையை வைத்திருப்போரை அடிக்கடி வருத்துவது, ஓட்டுநர்கள் ‘மிஸ்ஸிங்’ எனக் கூறும் குறையாகும். சீராக ஓடிய எஞ்சின் விட்டுவிட்டு அதிரும், மேடேறத் திணறும், சில வேளை நடுவழியில் நின்றே விடும். பேறுகாலப் பெண்ணொருத்தியை நள்ளிரவில் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் செல்லும்போது இது நேர்ந்தால், விளைவை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வேளைகளில் முதற்பழி பெரும்பாலும் ‘காயில்’ மீதே விழுகிறது. புதுக் காயில் மாட்டப்படுகிறது. சில நாள்களில் பழைய நோய் திரும்புகிறது. காயிலைப் பழிக்குமுன் ஆராய வேண்டியவை எவை என்பதை ஈண்டுக் காண்போம்.

பொறி பிறக்கும் வகை

மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்தூண்டலே இதற்கு அடிப்படை. காயிலுக்குள் இரண்டு சுருள்கள் உள்ளன. தடித்த கம்பியாலான முதற்சுருளில் பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள ‘பாயிண்ட்’ திறந்தவுடன் அம்மின்னோட்டம் அறுபடுகிறது. காந்தப்புலம் சட்டெனச் சரிய, நுண்கம்பியாலான இரண்டாம் சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. கண்டென்சர், பாயிண்டின் முனைகள் தீய்ந்துபோகாமல் காப்பதோடு, மின்னோட்டம் விரைந்து அறுபடவும் துணைசெய்கிறது. எழுந்த மின்சாரத்தை ரோட்டார் 1-3-4-2 என்னும் வரிசையில் நான்கு பிளக்குகளுக்கும் பகிர்ந்தளிக்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுழலும்போது வினாடிக்கு 100 பொறிகள் வேண்டும். அவற்றுள் சில தவறினும் ‘மிஸ்ஸிங்’ தோன்றும்.

கடற்காற்றின் பங்கு

உயரழுத்த மின்சாரம் எளிய வழி கிடைப்பின் அதனையே நாடும். துறைமுகச் சாலையிலும் ஆறுமுகநேரி உப்பளங்களின் அருகிலும் ஓடும் ஊர்திகளுக்கு அவ்வழியைக் கடற்காற்றே அமைத்துத் தருகிறது. கடலுப்பில் சோடியம் குளோரைடுடன் மக்னீசியம் குளோரைடும் கலந்துள்ளது. பின்னது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. எனவே, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் ஒயர்கள், காயிலின் கழுத்து ஆகியவற்றில் படியும் உப்புப்படலம் எளிதில் காய்வதில்லை. பிளக்கில் பாய வேண்டிய மின்சாரம் அப்படலத்தின் வழியே எஞ்சின் உடலுக்குக் கசிந்துவிடுகிறது. நாளடைவில் மூடியின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கரிக்கோடு விழும். அது துடைத்தாலும் தீராது. மூடியையே மாற்ற வேண்டும்.

ஆராயும் முறை

முதலில், குறை தோன்றும் வேளையை நோக்க வேண்டும். பனிபெய்த காலையில் தோன்றி, எஞ்சின் சூடேறியதும் மறைந்தால் ஈரக்கசிவையே ஐயுற வேண்டும். அரைமணி ஓடி, சூடேறிய பின் நின்று, ஆறியதும் மீண்டும் ஓடினால் காயில் அல்லது கண்டென்சர் மீது ஐயம் கொள்ளலாம். பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்தாலும் இதே குறி தோன்றும். வண்டி நின்றவுடனே பொறி எழுகிறதா எனச் சோதித்தால் இவ்விரண்டையும் பிரித்தறியலாம்.

இரண்டாவதாக, இருளில் பானட்டைத் திறந்து, ஓடும் எஞ்சினைத் தொடாமல் நோக்க வேண்டும். மின்கசிவு மிகுந்த இடத்தில் நீலப்பொறி ஊர்வது கண்ணுக்குப் புலனாகும்.

மூன்றாவதாக, பிளக் ஒயர்களைக் காப்பிடப்பட்ட குறடால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எந்த ஒயரைக் கழற்றியும் எஞ்சினின் ஓட்டம் மாறவில்லையோ, அந்த சிலிண்டரே வேலை செய்யாதது. அதன் பிளக், ஒயர், மூடியிலுள்ள முனை ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும். ஒரே சிலிண்டரில் குறையிருப்பின் காயில் குற்றமற்றது. ஏனெனில் அது நான்குக்கும் பொதுவானது.

நான்காவதாக, பாயிண்டின் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டரும், பிளக்கின் இடைவெளி ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டரும் உள்ளனவா என அளக்க வேண்டும். பாயிண்டில் பொறி மிகுதியாகத் தெறித்து முனைகள் கருகியிருப்பின் கண்டென்சர் கெட்டிருக்கக்கூடும்.

இவையனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே காயிலை அளக்க வேண்டும். இவ்வகைக் காயிலின் முதற்சுருள் பொதுவாக 3 ஓம் அளவிலும், இரண்டாம் சுருள் பல ஆயிரம் ஓம் அளவிலும் தடை காட்டும். குளிர்ந்த நிலையில் சரியாகக் காட்டும் காயில் சூட்டில் பிழைபடலாம். ஆதலின் சூடான நிலையிலும் அளத்தல் நலம்.

இச்சோதனைகளின்போது பெட்ரோல் ஒழுக்கு அறவே கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் விலகி நிற்க வேண்டும்.

காயில் கெடுவது எதனால்?

எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை ‘ஆன்’ நிலையிலேயே விடுவது முதற்காரணம். அப்போது பாயிண்ட் மூடியிருப்பின் ஏறத்தாழ 4 ஆம்பியர் மின்சாரம் இடைவிடாது பாய்ந்து காயிலைச் சுட்டுவிடும். தனித் தடையுடன் இணைக்க வேண்டிய 1.5 ஓம் காயிலைத் தடையின்றி மாட்டுவது மற்றொரு காரணம். இருமடங்கு மின்சாரம் பாய்ந்து, காயிலோடு பாயிண்டும் கருகும்.

கடற்கரை ஊர்களில் வாழ்வோர் மூடியையும் ஒயர்களையும் வாரமொருமுறை உலர்ந்த துணியால் துடைத்து, ஒயர்களின் ரப்பர் உறைகளைப் பழுதின்றி வைத்தாலே பெரும்பாலான தொல்லைகளைத் தவிர்க்கலாம். இதற்குச் செலவேதும் இல்லை.

1961ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்பில் ஒரு நன்முறை இருந்தது. பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்தை மதிப்பிட்ட பின்னரே குளிப்பு அறிவிக்கப்பட்டது. ஆராய்ந்த பின் இறங்குக என்பதே நம் கரையோர் கண்ட நெறி. நாள் வருவாயை நம்பி வாழும் ஓட்டுநரின் பணம் வீணாகாமலும், நள்ளிரவில் நம்பி ஏறியவரின் உயிர் வழியில் தவிக்காமலும் காக்க, ஊர்தியைப் பேணுவோரும் அந்நெறியைக் கைக்கொள்வோமாக.